அச்சாரப் பணம் யாருக்குச் சொந்தம்?

அச்சாரம் என்னும் சொல் நம் வணிகப் பெருமக்களுக்குப் புதிதன்று. வீடு வாங்கினாலும், கடையை வாடகைக்குப் பிடித்தாலும், கல்யாணச் சமையலுக்கு ஆள் பேசினாலும் முதலில் கை மாறுவது அச்சாரமே. "நான் பேச்சு மாறமாட்டேன்" என்று கொடுப்பவர் சொல்கிறார். "நான் வேறொருவருக்குக் கொடுக்கமாட்டேன்" என்று வாங்குபவர் சொல்கிறார். இரண்டு வாக்குகளுக்கும் சாட்சியாக நடுவில் நிற்பது அந்தச் சிறு தொகை. பேச்சு மாறினால் அச்சாரம் போயிற்று என்பது சந்தையறிந்த வழக்கம். அதில் எவருக்கும் மனத்தாங்கல் இல்லை.

இன்று அந்த அச்சாரம் வேறு உருவெடுத்து வந்திருக்கிறது. பிரயாண ஏஜெண்டுகள் கொடுக்கும் ரசீதின் அடியில், மூக்குக்கண்ணாடி போட்டாலும் எளிதில் படிக்க முடியாத எழுத்தில், "செலுத்திய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது" என்றொரு வரி இருக்கிறது. அச்சாரம் என்பது விலையில் ஒரு சிறு பங்கு. இங்கோ முழு விலையும் முன்னதாகவே வாங்கப்படுகிறது. அந்த முழு விலைக்கும் அச்சாரத்தின் சட்டம் சொல்லப்படுகிறது. இது நியாயந்தானா என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் விஷயம்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். பினாங்கிலுள்ள ஒரு குடும்பத்தார் நால்வர், தலைக்கு 8,000 வெள்ளி வீதம் 32,000 வெள்ளி கட்டி உம்ரா பேக்கேஜில் பெயர் பதிகிறார்கள். புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது தகப்பனார் பக்கவாதத்தில் விழுந்துவிடுகிறார். அவர் பிரயாணம் செய்யலாகாது என்கிறார் டாக்டர். மற்ற மூவரும் அவரைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியுமா? ஏஜெண்டிடம் செல்கிறார்கள். அவர் ரசீதின் அந்த வரியைக் காட்டுகிறார். அடியிலுள்ள கையெழுத்தும் அவர்களுடையதுதான். இனி அந்த 32,000 வெள்ளி யாருடையது?

இக்கேள்வி பினாங்கு மண்ணுக்குப் புதிதல்ல. விமானம் வருவதற்கு முன், மலாயாவின் வடபகுதியிலிருந்தும் தென்சயாமிலிருந்தும் சுமத்திராவிலிருந்தும் ஹஜ்ஜுப் பயணிகள் வந்து தங்கிக் கப்பலேறிய இடம் நம் அச்சீன் தெருதான். 1808-ல் எழுந்த அச்சீன் தெருப் பள்ளிவாசலைச் சுற்றிப் பயணிகளுக்கு டிக்கட் எடுத்துக் கொடுத்து, சாப்பாடும் படுக்கையும் ஏற்பாடு செய்த ஷெய்குமார்கள் தொழில் நடத்தினார்கள். வயலையும் மாட்டையும் விற்றுக் கொண்டுவந்த பணம் அந்தத் தெருவில்தான் கை மாறியது.

அப்படிக் கொடுத்த பணத்துக்கு எல்லாரும் நாணயம் காட்டினார்களா? 1880-ல் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் 900-க்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றிக்கொண்டு 'ஜெட்டா' என்ற கப்பல் புறப்பட்டது. நடுக்கடலில் கப்பல் பழுதாகி நீர் புகுந்ததும் காப்டனும் ஐரோப்பிய உத்தியோகஸ்தர்களும் பயணிகளைக் கைவிட்டுப் படகேறிப் போய்விட்டார்கள். கப்பல் மூழ்கிவிட்டதென்று ஏடனில் போய்ச் சொல்லவும் செய்தார்கள். ஆனால் 'ஆண்டெனார்' என்ற மற்றொரு கப்பல் அந்த 'ஜெட்டா'வைப் பயணிகளோடு இழுத்துக்கொண்டு ஏடன் துறைமுகம் வந்து சேர்ந்தது! கட்டணம் வாங்குகிறவர் கட்டணத்தோடு ஒரு பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பயணியின் பணத்தைக் காக்க வேண்டுமென்ற எண்ணம் பின்னர் இந்நாட்டில் வேரூன்றியது. ஹஜ்ஜுக் காரியங்களுக்கான அலுவலகம் 1951-ல் நம் பினாங்கில் ஏற்பட்டது. உங்கு அஜீஸ் 1959-ல் முன்வைத்த திட்டத்தின்படி, ஹஜ்ஜுப் பயணிகள் வட்டி கலவாமல் சேமிப்பதற்கென ஒரு ஸ்தாபனம் 1963-ல் தொடங்கப்பட்டது. 1969-ல் இவ்விரண்டும் ஒன்றாயின. அதுவே இன்றைய தாபோங் ஹாஜி. சிறுகச் சிறுகச் சேர்ந்த பணம் எத்தகைய பணம் என்பதை இந்நாடு உணர்ந்திருந்ததற்கு அது அடையாளம்.

இனி மார்க்க அறிஞர்கள் சொல்வதைப் பார்ப்போம். அச்சாரத்துக்கு அரபியில் உர்பூன் என்று பெயர். வாங்குபவர் பின்வாங்கினால் விற்பவரே உர்பூனை வைத்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையை ஹனபி, மாலிகி, ஷாபிஈ மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் ஏற்கவில்லை. மாற்றுப் பொருள் எதுவும் தராமல் பிறர் பொருளை எடுப்பதாகும் என்பது அவர்களின் முக்கியமான காரணம். இமாம் அஹ்மத் அவர்களோ அதனை அனுமதித்தார்கள். கலீபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் மக்காவில் சிறைச்சாலைக்காக ஒரு வீடு பேசப்பட்டபோது, உமர் சம்மதிக்காவிட்டால் வீட்டுக்காரர் ஸப்வானுக்கு 400 சேரும் என்று பேசிக்கொண்ட செய்தி அவர்களுக்கு ஆதாரம். வேறொருவருக்கு விற்காமல் காத்திருந்ததற்கு ஈடு அது என்பது இக்கருத்தின் சாரம். 1993-ல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமி, காலவரம்பு குறிப்பிட்டிருந்தால் உர்பூன் செல்லும் என்று தீர்மானித்தது.

இரு தரப்பையும் ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். தடுத்தவர்கள், ஈடின்றிப் பணம் எடுப்பதைத் தடுத்தார்கள். அனுமதித்தவர்கள், காத்திருந்ததற்கு ஈடாக அனுமதித்தார்கள். ஆக, இரு சாராரும் கேட்ட கேள்வி ஒன்றே: "இந்தப் பணம் எதற்கு ஈடு?"

நாட்டின் சட்டமும் ஏறக்குறைய இதையே கேட்கிறது. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும் அதற்கு மேற்படாத நியாயமான நஷ்ட ஈடே கிடைக்கும் என்கிறது. உண்மையான அச்சாரம் நியாயமான அளவில் இருந்தால் அதை விற்பவர் வைத்துக்கொள்ளலாம் என்றும், அது நியாயமற்றதென்று காட்டும் பாரம் பேச்சு மாறியவருடையது என்றும் கூட்டரசு நீதிமன்றம் 2018-ல் விளக்கியது. ஆதலின் "சட்டத்தில் இடமிருக்கிறது" என்று ஏஜெண்டு சொன்னால் அது முழுப் பொய்யன்று. ரசீதில் எழுதியதெல்லாம் சட்டமும் அன்று.

ஏஜெண்டின் கஷ்டத்தையும் நாம் மறக்கலாகாது. நம்மவர் பலர் இத்தொழிலில் இருக்கிறார்கள். அவர் வாங்கிய பணம் அவர் பெட்டியிலேயே இருப்பதில்லை. விமானக் கம்பெனிக்கு ஒரு பங்கு, மக்கா மதீனா ஹோட்டல்களுக்கு ஒரு பங்கு, விசாவுக்கு ஒரு பங்கு என்று முன்கூட்டியே போய்விடுகிறது. அதிற் பல திரும்பி வாரா. பயணி மனம் மாறும் ஒவ்வொரு முறையும் ஏஜெண்டே கைப்பொறுப்பில் நஷ்டப்பட வேண்டுமென்றால் சிறிய கடைகள் ஒரு பருவத்திலேயே மூடிவிடும். அது தர்மமாகாது.

ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். நாம் சொன்ன 8,000 வெள்ளியில் டிக்கட்டுக்கு 3,000, ஹோட்டலுக்கு 2,500, விசாவுக்கு 500 என்று வைத்துக்கொள்வோம். மீதி 2,000 உள்ளூர்ப் போக்குவரத்தும் வழிகாட்டியும் லாபமும். டிக்கட்டும் விசாவும் வீணாயின. ஹோட்டல் அறையோ வேறொருவருக்குப் போய்விட்டது. உண்மையான நஷ்டம் 3,500. ஏஜெண்டின் உழைப்புக்கும் ஒரு தொகை எடுத்துக்கொள்ளட்டும். அது அவருக்கு ஹலால். அதற்கு மேலும் மீதி முழுவதையும் பிடித்துக்கொண்டால், அறையை இரண்டு முறை விற்று இரண்டு விலை வாங்கியதாகும். அந்த இரண்டாவது விலை எதற்கு ஈடு? ஒரு முதியவர் நோயில் விழுந்ததற்கு ஈடு என்றல்லாமல் வேறென்ன சொல்வது!

எல்லாக் காரணங்களும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல என்பதும் உண்மை. வேறிடத்தில் 300 வெள்ளி மலிவாகக் கிடைத்ததென்று ஒருவர் பின்வாங்கினால், அச்சாரம் ஏற்பட்டதே அவரைப் போன்றவர்களுக்காகத்தான். அதை இழப்பதில் அவருக்கு முறையீடு இல்லை. நோயும் மரணமும் வந்தவர் வேறு. அவர் வாக்கை மீறவில்லை; வாக்கு அவர் கையிலிருந்து நழுவியது. அவரிடம் உண்மையான நஷ்டத்தை மட்டும் வாங்குவதே நியாயம்.

மூன்றாவது, உலகத்தின் வாசலே அடைபடுவது. 2020 பிப்ரவரி 27-ல் சவூதி சர்க்கார் வெளிநாட்டு உம்ராப் பயணிகளை நிறுத்தியது. மார்ச் 18-ல் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அவ்வாண்டு ஹஜ்ஜுக்கு 31,600 பேருக்கு இடமிருந்தும் மலேசியாவிலிருந்து எவரையும் அனுப்புவதில்லை என்று ஜூன் மாதம் அறிவிக்கப்பட்டது. இங்கே பயணியும் குற்றவாளியல்லர், ஏஜெண்டும் குற்றவாளியல்லர். இத்தகைய நிலைக்கு 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டம் வகுத்த வழி அழகானது: கொடுத்த பணம் திரும்ப வேண்டும், வாங்கியவர் அதற்கு முன் செய்த செலவை, நியாயமென்று தோன்றும் அளவு, நீதிமன்றம் அவருக்கு அனுமதிக்கலாம். இருவரும் லாபமடையக் கூடாது என்பதே அதன் உட்பொருள்.

அப்போது பல ஏஜெண்டுகள் "பணம் தரமாட்டோம், தேதியை மாற்றித் தருகிறோம்" என்றார்கள். இளைஞருக்கு அது போதும். முதியவருக்கோ? நம் நாட்டு எல்லைகள் 2022 ஏப்ரல் 1-ல்தான் முழுமையாகத் திறந்தன. அவ்வாண்டு ஹஜ்ஜுக்கு 10 லட்சம் பேரை அனுமதித்த சவூதி சர்க்கார், 65 வயதைத் தாண்டியோர் வரலாகாது என்றது. தேதி மாறுவதற்குள் வயது மாறிவிட்டது! தேதி மாற்றத்தை விருப்பமாகக் கொடுப்பது சலுகை. வேறு வழியின்றித் திணிப்பது, பிறர் பணத்தைக் கேளாமல் கடனாக வைத்துக்கொள்வது.

"இப்படித் திருப்பிக் கொடுத்தால் பொய்க் காரணம் சொல்லி எல்லாரும் வருவார்களே" என்று வியாபாரிகள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. அதற்கு மாற்று இரக்கமற்ற ஒற்றை வரியன்று, தெளிவான பல வரிகள். இரண்டு மாதத்துக்கு முன் சொன்னால் இவ்வளவு பிடித்தம், ஒரு மாதத்துக்கு முன் இவ்வளவு, அதன் பின் இவ்வளவு என்று படிப்படியாக எழுதுங்கள். பெரிய எழுத்தில் எழுதுங்கள். எழுத்தறியாத பெரியவர் வந்தால் பணத்தைக் கையில் வாங்குமுன் வாயால் சொல்லுங்கள். பெயரை மாற்றி வேறொருவரை அனுப்ப முடியுமானால் அதற்கு வழிவிடுங்கள்.

இன்னொன்று. பயணியின் முன்பணம், செலவாகும் நாள்வரை அமானத்தாகும். இன்று வந்த பணத்தைக் கொண்டு நேற்றைய குழுவின் ஹோட்டல் பாக்கியைத் தீர்க்கும் பழக்கம் இருந்தால், திருப்பித் தர மனமிருந்தாலும் கையிலிராது. 1841-ல் வேர்விட்ட தாமஸ் குக் கம்பெனி கடன் பாரத்தால் 2019 செப்டம்பர் 23-ல் சரிந்தபோது, ஏறத்தாழ 1,50,000 பிரிட்டிஷ் பயணிகள் வெளிநாடுகளில் நின்றார்கள். அவர்களை அந்நாட்டு ஏற்பாடுகள் ஊர் கொண்டு சேர்த்தன. நம் சிறிய கடைகளுக்கு அத்தகைய தாங்குகோல் ஏது? பயணியின் பணத்துக்குத் தனிக்கணக்கு வைப்பதே நமக்குத் தாங்குகோல்.

பணம் கட்டியவருக்கும் கடமையுண்டு. போக முடியாதென்று தெரிந்த அன்றே சொல்ல வேண்டும். ஒருநாள் தாமதம் ஓர் இருக்கையை வீணாக்கும். மனம் மாறியதை மறைத்துப் பொய் டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்குவது, இறையில்லத்துக்கென்று பதிந்த பெயருக்கே அவமானம். தமக்கு உரிமையில்லாத இடத்தில் சலுகையாகக் கேட்கலாம். கிடைக்காவிட்டால் தெருவில் நின்று தூற்றலாகாது. உண்மையிலேயே அநீதி நேர்ந்ததென்றால், 50,000 வெள்ளி வரையுள்ள வழக்குகளை 5 வெள்ளிக் கட்டணத்தில் கேட்கும் நுகர்வோர் தீர்ப்பாயம் இருக்கிறது.

செய்த வியாபாரத்தை மறுதரப்பின் வேண்டுகோளுக்காக மனமொப்பி விடுவிப்பதற்கு இகாலா என்று பெயர். அவ்வாறு விடுவிப்பவரின் பிழைகளை மறுமையில் இறைவன் பொறுப்பான் என்னும் கருத்தில் நபிமொழி உண்டு. இதைக் கடமையென்று எவரும் சொல்லவில்லை. கடமைக்கு மேற்பட்ட இடத்தில்தான் வியாபாரியின் குணம் தெரிகிறது.

ஆகவே நாம் ஏஜெண்டுச் சகோதரர்களைக் கேட்டுக்கொள்வது சிறியதொரு காரியம். ஒரு பயணி விலகும்போது, பிடித்துக்கொள்ளும் தொகையைக் கணக்குப் புத்தகத்தில் இனம் இனமாக எழுதிப் பாருங்கள். டிக்கட் நஷ்டம் இவ்வளவு, விசா நஷ்டம் இவ்வளவு, நம் உழைப்பு இவ்வளவு என்று பேனா தடையின்றி ஓடும். எழுதி முடித்த பிறகு ஒரு தொகை மீந்து, அதற்கு எந்தத் தலைப்பும் கிடைக்காமல் பேனா நின்றுவிட்டால், அந்தப் பணம் நமதன்று. அதை உரியவரிடம் சேர்ப்பித்துவிட்டுப் புத்தகத்தை மூடுவோமாக. எல்லாம் வல்ல இறைவன் நம் வியாபாரத்தில் பறக்கத்தையும் நம் கணக்கில் நேர்மையையும் தந்தருள்வானாக.