தொங்கலில் விடுவது தகுமா?



மணவிலக்கு என்ற பேச்சு ஒரு குடும்பத்தில் எழுந்ததும் நம்மவர் கேட்கும் முதற் கேள்வி, "நல்ல வக்கீல் யார்?" என்பதே. நல்ல வக்கீல் என்று எவரைச் சொல்கிறோம் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. கொடுக்க வேண்டியதைக் குறைத்துக் கொடுக்க வழி காட்டுபவரையா? தவணைக்கு மேல் தவணை வாங்கி, அந்தப் பெண்ணே அலுத்துப்போய் "ஒன்றும் வேண்டாம், விட்டால் போதும்" என்று சொல்லும்படி செய்பவரையா? சரக்குக்குப் பணம் பாக்கி வைத்தவன் இப்படிச் செய்தால் அவனை மோசக்காரன் என்கிறோம். மனைவி விஷயத்தில் செய்தால் சாமர்த்தியம் என்கிறோம்!

முதலில் வெளி விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். முஸ்லிம் தம்பதிகளின் விவகாரம் ஷரீஅத் நீதிமன்றத்தைச் சேர்ந்தது. 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் முஸ்லிமல்லாதாருக்கு உரியது. அதை வைத்து வாதாடும் வக்கீல் எவ்வளவு பெயர் பெற்றவராயினும் அந்தச் சட்டத்தைக் கொண்டு நமக்கு உதவ இயலாது. நமக்கு வேண்டியவர் ஷரீஅத் வக்கீல். அவருக்கு அனுமதி வழங்குவது அந்தந்த மாநிலத்தின் இஸ்லாமிய சமய மன்றம். இங்கேதான் நம்மவர் பலர் இடறுகின்றனர். ஸ்ரீ கெம்பாங்கான் சிலாங்கூரைச் சேர்ந்தது. சுங்கை பீசியைத் தாண்டினால் கோலாலம்பூர். அது 1974 பிப்ரவரி முதல் கூட்டரசுப் பிரதேசம். கடைக்குப் போய்வர இரண்டும் ஒரே ஊர்தான், ஆனால் நீதிமன்றம் வேறு, சட்டப் புத்தகம் வேறு. மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு வக்கீலைப் பிடித்து முன்பணம் கட்டுமுன், "சிலாங்கூர் நீதிமன்றத்தில் நிற்க உங்களுக்கு அனுமதி உண்டா?" என்று கேளுங்கள். பீஸ் எவ்வளவு, அதில் எவையெவை அடங்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வசதியில்லாதவர் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவை நாடலாம். ஷரீஅத் வழக்குகளையும் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். வக்கீலே இல்லாமல் தாமே நேரில் நின்று வழக்கை நடத்துவதற்கும் தடையில்லை.

அடுத்த கேள்வி, "வாயால் சொன்னால் தலாக் ஆகிவிடாதா, கோர்ட்டு எதற்கு?" என்பது. 2003-ல் கோம்பாக் ஷரீஅத் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. கணவன் கைத்தொலைபேசியில் குறுஞ்செய்தியாக அனுப்பிய தலாக் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. நாடே அதைப் பற்றிப் பேசியது. செல்லும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் பலர். ஆனால் நீதிமன்ற அனுமதியின்றி வெளியே தலாக் சொல்வது இங்கே குற்றம். சட்டத்தில் 1,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. ஊரில் இருக்கும் மனைவிக்குத் தொலைபேசியில் முத்தலாக் சொல்லலாம் என்று எண்ணுபவருக்கும் ஒரு வார்த்தை. இந்திய உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் அதைச் செல்லாது என்று ஆக்கியது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று வருடம் வரை சிறை என்கிறது.

நான் எழுத வந்தது, சொல்லிவிட்டுத் தவிப்பவரைப் பற்றியன்று. சொல்லாமலே வைத்திருப்பவரைப் பற்றியே.

வாழவும் வைப்பதில்லை, விடுவதுமில்லை. செலவுக்கு அனுப்புவது எப்போதோ நின்றுபோயிற்று. கேட்டால், "நான் தலாக் சொல்ல மாட்டேன், அவள் கோர்ட்டுக்குப் போகட்டும்" என்பது பதில். திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் பல தாரங்களைப் பற்றிப் பேசுமிடத்தில், ஒருத்தியை அந்தரத்தில் தொங்குபவள் போல விட்டுவிடாதீர்கள் என்று தடுக்கிறது. இரண்டாம் அத்தியாயமோ, நல்ல முறையில் வைத்திருப்பது, அல்லது நன்றியோடு விட்டுவிடுவது என்ற இரண்டே வழிகளைக் காட்டுகிறது. மூன்றாவது வழியொன்றை நாமே கண்டுபிடித்து வைத்திருக்கிறோம்.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சரித்திரத்தில் சாட்சி உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில், ஹனபி மத்ஹபின்படி விடுதலை பெற வழியில்லாத பெண்கள், அதிலும் பஞ்சாபில், நிக்காஹ் முறிய வேண்டும் என்பதற்காகவே மார்க்கத்தை விட்டு வெளியேறினர். கணவன் சோறு போடவில்லை, விடவுமில்லை என்பதற்காக ஈமானையே துறக்கும் நிலை! இதைக் கண்டு பதறியே மௌலானா அஷ்ரப் அலி தானவி அவர்கள், மாலிக்கி மத்ஹபின் சட்டத்தை இவ்விஷயத்தில் ஏற்கலாம் என்று நூல் எழுதினார்கள். அதன் பின்னர் 1939-ல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வந்தது. கணவன் நான்கு வருடம் இருக்குமிடம் தெரியாமற் போனாலும், இரண்டு வருடம் ஜீவனாம்சம் தராவிட்டாலும் மனைவி வழக்கிடலாம் என்றது அது. இங்கே அவகாசம் அதைவிடக் குறைவு. காணாமற் போனால் ஒரு வருடம். செலவுக்குத் தராவிட்டால் மூன்று மாதம். அதற்கு மேல் அவள் பஸ்கு கேட்டு மனுச் செய்யலாம். நிக்காஹ் அன்று மாப்பிள்ளை வாசித்துக் கையெழுத்திடும் தஃலீக் வாசகமும் அவளுக்கு ஒரு கதவு; அவசரத்தில் அதை யார் ஊன்றிப் படிக்கிறார்கள்?

"எனக்கு அவள் மேல் இன்னும் பிரியம் இருக்கிறதே, எப்படி விடுவது?" என்று கேட்பவரும் உண்டு. இது பொய்யென்று சொல்லிவிட முடியாது. உண்மையாகவே நொந்து கேட்பவர் இருக்கின்றனர். மதீனாவில் முகீத் என்பவர் இருந்தார். அவர் மனைவி பரீரா அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றதும், மணத்தில் நீடிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை அவருக்குக் கிடைத்தது. வேண்டாம் என்றார். முகீத் தாடி நனைய அழுதுகொண்டு தெருத் தெருவாக அவர் பின்னால் நடந்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே பரீராவிடம் பரிந்து பேசினார்கள். "இது கட்டளையா?" என்று கேட்டார் அப்பெண். கட்டளையன்று, பரிந்துரைதான் என்றார்கள். "அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை" என்று சொல்லிவிட்டார் பரீரா. நபியவர்கள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. நம் ஜமாஅத்துப் பெரியவர்கள் சமாதானம் பேசப் போகும்போது எந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

குலா விஷயம் இன்னும் கசப்பானது. ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி, கணவரின் குணத்திலும் மார்க்கத்திலும் குறையில்லை, ஆனாலும் சேர்ந்து வாழ முடியவில்லை என்று முறையிட்டார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்து, ஒரு தலாக்குடன் விடச் சொன்னார்கள் நபியவர்கள். கொடுத்ததற்கு மேல் கேட்கலாமா என்பதில் இமாம்களிடையே பேச்சு உண்டு. தொகையில் இருவரும் ஒத்துவராவிட்டால் இங்கே நீதிமன்றமே தகுதி பார்த்து நிர்ணயிக்கும். ஆனால் நம்மில் ஒரு வினோதம் இருக்கிறது. கலியாணத்தன்று ஆயிரம் மஹர் எழுதி, மறு கையால் கைக்கூலியும் நகையும் வாங்கியிருப்பார். குலா என்றதும் மஹரைத் திருப்பிக் கேட்பார். கைக்கூலியின் பேச்சை எடுக்க மாட்டார். இந்தப் பற்றுவரவை எந்தக் கணக்குப்பிள்ளை ஒப்புவார்?

கடை வைத்திருப்பவருக்கு வேறொரு சபலமும் வரும். தம்பதிகள் சேர்ந்து தேடிய சொத்தில் பங்கு கேட்பது இந்நாட்டு வழக்கம். தேடியவர் கணவர் ஒருவரே ஆனாலும், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பை நீதிமன்றம் கணக்கில் எடுக்கும்; தேடியவருக்குப் பங்கு அதிகம், அவ்வளவே வித்தியாசம். உடனே கடையைத் தம்பி பேருக்கு மாற்ற யோசனை கேட்கிறார். ஜீவனாம்சத்திலிருந்து தப்புவதற்கென்று செய்த கைமாற்றத்தை ரத்துச் செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதை நேர்மையான வக்கீல் சொல்லிவிடுவார். மாற்றித் தருகிறேன் என்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். உங்களுக்காக அவளை ஏமாற்றுபவர் நாளை பீஸில் உங்களையும் ஏமாற்றலாம்.

"விடுவது இவ்வளவு சுலபமானால் குடும்பம் நிலைக்குமா?" என்பது நியாயமான அச்சம். சட்டமும் அதை மறக்கவில்லை. ஒருவர் மட்டும் பிரிய விரும்பினால், சமாதானக் குழு அமைத்து ஆறு மாதம் வரை முயலச் சொல்கிறது. தீராத பூசலுக்கு, அவர் பக்கம் ஒருவரும் இவள் பக்கம் ஒருவருமாக ஹகம் நியமிக்கும் வழியும் இருக்கிறது. அது குர்ஆன் சொன்ன ஏற்பாடே. ஆனால் ஹகமாக வருபவர் கணவனின் கடன்காரராகவோ கூட்டாளியாகவோ இருந்தால் என்ன ஆகும்? நம் வியாபார வட்டம் சிறியது. ஒருவருக்கொருவர் பாக்கி இல்லாதவர் அரிது. பெண்ணின் தகப்பனார் கடல் கடந்து நாகூரிலோ தேவிபட்டினத்திலோ இருக்க, அவள் பக்கம் பேச இங்கே யார் இருக்கிறார்?

ஆகவே வக்கீலைப் பார்க்கப் போகும் சகோதரர் நிக்காஹ் சான்றிதழையும் அடையாளக் கார்டையும் எடுத்துச் செல்லட்டும். ஊரில் நடந்த நிக்காஹ் என்றால் ஜமாஅத்துப் பதிவேட்டின் நகலையும் எடுத்துச் செல்லட்டும். கூடவே ஒரு தாளில், அவளுக்குத் தர வேண்டிய பாக்கி மஹர், நின்றுபோன மாதங்களின் செலவு, இத்தாக் காலச் செலவு, முத்ஆ, அவள் வீட்டிலிருந்து வந்த நகையின் எடை ஆகியவற்றைத் தம் கைப்பட எழுதிக்கொண்டு போகட்டும். வக்கீல் கேட்குமுன் அந்தத் தாளை மேசைமேல் வைக்கட்டும்.