வீட்டை விற்கும்போது பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது என்ன?



வீட்டை விற்பது பாவமா என்று யாரும் கேட்பதில்லை. அது பாவமும் அல்ல. தன் பொருளைத் தகுந்த விலைக்கு விற்க எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் வீடு விற்கிற மாதங்களில் ஒரு நல்ல குடும்பம் எத்தனை பொய் சொல்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? தரகரிடம் ஒன்று, வாங்க வருகிறவரிடம் ஒன்று, அண்டை வீட்டாரிடம் ஒன்று, பத்திர ஆபீசில் ஒன்று. இவையெல்லாம் பொய்தான் என்று ஒப்புக்கொள்கிறவர்கள்கூட வீட்டிலுள்ள சிறு பிள்ளையிடம் சொல்வதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. "நாம எங்கேயும் போகலைடா கண்ணு, அந்த மாமா சும்மா வந்துட்டுப் போறார்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் மனம் நோகாமல் காத்தோம் என்று நிம்மதியாக இருக்கிறார்கள். இந்த வாரம் அந்தப் பொய்யைப் பற்றித்தான் யோசிக்க விரும்புகிறேன்.

நம் கரையில் குடிபெயர்வது புதிதல்ல. 1875-ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கியது. கரையோரமாகத் தெற்கேயிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அதனால் தடைப்பட்டது. தெற்கே மெரீனா அகன்றது. வடக்கே நம் பக்கம் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இவ்வளவு கல்லைக் கொட்டியும் பழைய குடியிருப்புகள் எத்தனையோ கடலோடு போயின. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தபோதோ ஒரு நாழிகை அவகாசமும் இல்லை. அப்படித் தண்ணீர் துரத்தும்போது பிள்ளைக்கு உட்கார்ந்து விளக்கம் சொல்ல யாரால் முடியும்? விற்பனையின் விஷயம் வேறு. மூலப் பத்திரத்தைத் தேட வேண்டும், வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும், வளைகுடாவில் இருக்கிற தம்பியின் கையெழுத்து வர வேண்டும், வாங்குகிறவருக்கு பாங்கிக் கடன் கிடைக்க வேண்டும். மூன்று நான்கு மாதமாவது ஓடிவிடுகிறது. (ஆடியில் குடிபோகக் கூடாது, மார்கழியில் கூடாது என்று நம் கிறிஸ்தவக் குடும்பங்களும் நாள் பார்ப்பதால் இன்னும் சில மாதங்கள் சேர்கின்றன. அதைப் பற்றி வேறொரு வாரம் பேசுவோம்.) ஆகையால் சொல்ல நேரமில்லை என்ற சமாதானம் இங்கே செல்லாது.

அந்த மாதங்கள் கடினமானவை என்பதை நான் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சோற்றை வடிக்கும்போது தரகர் நான்கு பேரோடு வாசலில் நிற்பார். அவசர அவசரமாகப் பாயைச் சுருட்டி, கொடியில் கிடக்கும் துணியை எடுத்து, பிள்ளைகளை மாடிப்படியில் உட்கார வைத்து, "சத்தம் போடாதே" என்று அதட்ட வேண்டும். வந்தவர்கள் அலமாரியைத் திறந்து பார்ப்பார்கள், குழாயைத் திருகுவார்கள், "சமையற்கட்டு சின்னது" என்று வீட்டுக்காரியின் எதிரிலேயே சொல்லிவிட்டுப் போவார்கள். முன்பணம் கொடுத்தவர் ஒரு மாதம் கழித்துப் பின்வாங்குவார். போகிற இடத்திலோ வீட்டுக்காரர் மீதித் தொகைக்கு நெருக்குவார். இரவில் அப்பாவும் அம்மாவும் தணிந்த குரலில் பேசுவார்கள். பிள்ளை புரண்டு படுத்தால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். பெற்றோரே, அந்தப் பேச்சு நின்றதிலிருந்தே பிள்ளை எல்லாவற்றையும் அறிந்துகொள்கிறது. அதற்குத் தெரியாதது காரணம் மட்டும்தான். காரணம் தெரியாத இடத்தில் சிறு பிள்ளை பெரும்பாலும் தன்னையே காரணமாக வைத்துக்கொள்ளும்.

நிற்க. வாங்குகிறவருக்கு நாம் எதைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பதை முதலில் பார்ப்போம். பிள்ளையின் விஷயத்துக்கும் அதுவே வழிகாட்டும்.

1274-ல் இறந்த அர்ச். தோமாஸ் அக்குயினாஸ், விற்பதிலும் வாங்குவதிலும் நேரும் வஞ்சகத்தைப் பற்றித் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார். இடிந்து விழும் நிலையிலுள்ள வீட்டை உறுதியான வீடென்று விற்பது அவர் காட்டும் உதாரணங்களில் ஒன்று. மறைந்திருக்கும் குறை வாங்குகிறவனுக்கு நஷ்டத்தையோ ஆபத்தையோ விளைவிக்குமானால் விற்பவன் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. ஆனால் குறை வெளிப்படையாகத் தெரிகிறது, விலையையும் அதற்கேற்பக் குறைத்தாயிற்று என்றால், அதைச் சந்தையில் நின்று கூவ வேண்டியதில்லை. ஒற்றைக்கண் குதிரையின் குறையை வாங்குகிறவனே பார்த்துக்கொள்ளலாம். நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவில், விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரண கவனத்தால் கண்டுகொள்ள முடியாத முக்கியக் குறை எதுவானாலும் விற்பவர் அதை வெளியிட வேண்டும் என்கிறது. வெளியிடாமல் விடுவதை மோசடி என்றே அது சொல்கிறது.

இதை நம் தெருவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். எண்ணூரில் வீடு பார்க்க வருகிறவருக்கு ஆலைப் புகைபோக்கிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. அது ஒற்றைக்கண் குதிரை. ஆனால் 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் கலந்து கழிமுகத்திலும் அதை அடுத்த குடியிருப்புகளிலும் பரவியதே, அந்தத் தண்ணீர் நம் கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்தில் விட்ட கறுப்புக் கோடு புதுப் பெயிண்டுக்கு அடியில் இருக்கிறது. அதை வந்தவர் எப்படிக் காண்பார்? "தண்ணி வருமா?" என்று கேட்டால் "ரோட்டோட நின்னுடும்" என்பது பச்சைப் பொய். கேட்காவிட்டால் சும்மா இருக்கலாமே என்பது தோமாஸிடம் செல்லாது. வந்த பெண் இடுப்பில் ஒரு குழந்தையையும் வைத்திருக்கிறாள் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். சொன்னால் விலை குறையும். ஆம், குறையத்தான் செய்யும். குறைந்த அந்தத் தொகை முதலிலிருந்தே நமக்குரியதல்ல.

வாங்குகிறவர்களும் இதிலிருந்து தப்ப முடியாது. விற்பவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு கழுத்தை நெரிக்கிறது என்று தெரிந்துகொண்டு அடிமாட்டு விலைக்குக் கேட்பதும் அதே அநீதிதான். முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2 என்பது பெருந்தொகை என்பது உண்மையே. அதற்காகப் பத்திரத்தில் ஒரு விலையும் கையில் ஒரு விலையுமாகப் பேசுகிறவர்கள், அந்தப் பேச்சைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் பத்து வயதுப் பையனைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கட்டும்.

இனி பிள்ளையிடம் வருவோம். அன்பினால் சொல்லும் பொய் பொய்யாகுமா என்ற கேள்வி மிகப் பழையது. அர்ச். அகுஸ்தீன் ஏறக்குறைய 420-ஆம் ஆண்டில் பொய்யை மறுத்து எழுதிய நூலில் ஒரு நோயாளியைக் குறிப்பிடுகிறார். அவனுடைய ஒரே மகன் இறந்துவிட்டான். அது தெரிந்தால் அவன் உயிரே போய்விடும். அவனோ மகன் இருக்கிறானா என்று கேட்கிறான். அந்தக் கேள்வியின் முன் தம் மனம் கலங்குவதை அகுஸ்தீன் மறைக்கவில்லை. ஆனாலும் பொய்க்கு அவர் வாசலைத் திறக்கவில்லை. அதே சமயம் உண்மையை விவேகத்தோடு சொல்லாமல் வைத்திருப்பது வேறு, பொய் சொல்வது வேறு என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். தோமாஸும் அதை ஏற்றுக்கொள்கிறார். பெற்றோருக்கு இது பெரிய ஆறுதல். தகப்பனாரின் கடன் எவ்வளவு, பெரியப்பா பாகப் பிரிவினையில் என்ன பேசினார், நகை எந்தக் கடையில் இருக்கிறது என்பதையெல்லாம் ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால், "அது பெரியவங்க பாத்துக்கிற விஷயம்" என்று உண்மையாகவே சொல்லிவிடலாம்.

அப்படியானால் எதைச் சொல்லியே ஆக வேண்டும்? வாங்குகிறவருக்கு வைத்த அளவுகோலையே இங்கும் வைக்கிறேன்: நஷ்டம் யாருடையதோ அவர் அறிந்திருக்க வேண்டும். கடன் பெற்றோரின் சுமை. ஆனால் பள்ளிக்கூடம் மாறுவது, பக்கத்து வீட்டுத் தோழனைப் பிரிவது, மாலையில் ஆயா வீட்டுக்கு நடந்தே போய்வர முடியாமற் போவது, எல்லாம் பிள்ளைக்கு நேரும் நஷ்டம். அதை முன்னதாக அறிய அதற்கு நியாயமான பாத்தியதை உண்டு. வாங்குகிறவர் கையெழுத்துக்கு முன்னால் அறிய வேண்டுமென்றால், பிள்ளையும் லாரி வந்து நிற்கும் காலையில் அறிவது நியாயமாகாது.

"வாங்குகிறவர் வேண்டாமென்று போய்விடலாம், பிள்ளை எங்கே போகும்? சொல்லி அழவைப்பதில் என்ன லாபம்?" என்று சிலர் கேட்பார்கள். பிள்ளைக்கு விற்பனையைத் தடுக்கும் உரிமை இல்லை என்பது மெய்யே. ஆனால் அழுகை ஒரு கெடுதி என்று யார் சொன்னது? அது பிறந்த வீடு. அதற்காக அழுவது நியாயமான அழுகை. நாம் அதைத் தடுக்கவில்லை, நாள் தள்ளி வைக்கிறோம். அப்போது அழுகையோடு ஏமாந்த கோபமும் சேர்ந்துகொள்கிறது. மேலும், முன்னால் தெரிந்த பிள்ளைக்குச் செய்வதற்குச் சில காரியங்கள் இருக்கின்றன. தன் சாமான்களைத் தானே ஒரு பெட்டியில் அடுக்கலாம். அந்தப் பெட்டியைக் கடைசியாக ஏற்றி முதலில் இறக்கச் சொல்லலாம். தோழனுக்குத் தன் பம்பரத்தைக் கொடுத்துவிட்டு வரலாம். புதுப் பள்ளிக்கூடத்தின் வாசலை ஒரு மாலை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்து வரலாம். கதவு நிலையில் வருஷா வருஷம் பென்சிலால் கோடு போட்டு உயரம் குறித்திருப்பீர்கள். பெயிண்ட் அடிக்கிறவர் வருமுன் ஒரு நூலை வைத்து அந்த அளவுகளை எடுத்து வைத்துக்கொள்ளும்படி பிள்ளையிடமே சொல்லுங்கள். புது வீட்டில் முதல் இரவு துவைத்த விரிப்பு வேண்டாம், பழைய வீட்டின் வாசனையுள்ள பழைய விரிப்பையே போடுங்கள். தாய்மார் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஒரு இரவுதானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிகவும் கடினமான ஒரு நிலைமை நம் பகுதிக்கென்றே இருக்கிறது. பிள்ளைக்கு அடிக்கடி இளைப்பு வருகிறது. அதற்காகவே வீட்டை விற்கிறார்கள். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அம்மோனியா கசிந்து பலர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு இந்த எண்ணம் பல வீடுகளில் எழுந்தது இயல்பே. தாத்தா கட்டிய வீடு. அப்பா துறைமுக வேலைக்கு இனி ஒன்றரை மணி நேரம் பிரயாணம் செய்ய வேண்டும். அக்கா தன் பள்ளியை விட மாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். ஒருநாள் அந்தப் பிள்ளை, "எனக்கு இளைப்பு வர்றதாலதானே போறோம்?" என்று கேட்கிறது.

"இல்லவே இல்லை" என்பது பொய். "ஆமாம்" என்று மட்டும் சொன்னால் அது உண்மையாக இருந்தும் அந்தச் சிறு தோளில் ஒரு வீட்டையே ஏற்றிவிடும். இந்த இடத்தில் இரண்டு வேதபாரகரைவிடத் தகப்பனின் நாவுக்கே அதிக ஞானம் வேண்டியிருக்கிறது. இப்படிச் சொல்லலாமென்று எனக்குப் படுகிறது: "ஆமாம் ராசா, இந்தக் காத்து உனக்கு ஒத்துக்கலை. காத்துதான் கெட்டுப்போச்சு, நீ ஒண்ணும் கெடுக்கலை. அதைக் கெடுத்தது பெரியவங்க. போகணும்னு முடிவு பண்ணினது நானும் அம்மாவும். எங்களுக்கும் இந்த வீட்டை விடக் கஷ்டமாத்தான் இருக்கு." கடைசி வாக்கியத்தைப் பல தகப்பன்மார் விழுங்கிவிடுகிறார்கள். விழுங்க வேண்டாம். அப்பாவுக்கும் கஷ்டமாக இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளை தன் துக்கத்தை ஒளித்துவைக்காது. அதே போல அக்காவையும் தனியாக அழைத்துப் பேசுங்கள். தன் நஷ்டம் தம்பியின் லாபத்துக்காக என்பதை அவளும் அறிந்தே இருக்கிறாள். யாரும் அவளிடம் நேராகச் சொல்லாததுதான் அவளுக்குக் குறை.

புது வீட்டை மந்திரிக்க எல்லாரும் குருவை அழைக்கிறார்கள். பழைய வீட்டை விட்டுப் போகும் நாளில் யாரும் அழைப்பதில்லை. திரு இருதயப் படத்தைக் கழற்றி எடுத்த பிறகு சுவரில் ஆணி மட்டும் நிற்கும். சாவியைக் கொடுக்குமுன் குடும்பமாக அந்த வெறுங்கூடத்தில் ஒரு பரலோக மந்திரம் சொல்லி, பிறகு ஒவ்வொரு அறையாகப் பிள்ளைகள் போய்ப் பார்த்து வரட்டும். பத்து நிமிஷம் ஆகும், லாரிக்காரர் முணுமுணுப்பார்.

இந்தக் கோடை விடுமுறையில் பங்கை விட்டுப் போகவிருக்கும் குடும்பங்கள் பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்றையும், புதுநன்மைக்குத் தயாராகிறவர்களாக இருந்தால் ஞானோபதேச வகுப்பில் எதுவரை படித்தார்கள் என்ற குறிப்பையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளவும். வாங்க வரும்போது பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். போகப் போவதை அவர்களிடம் சொல்லிவிட்டு அழைத்து வாருங்கள். என் மேஜையருகே நின்றுதான் முதன்முதலாக அதைக் கேட்டார்கள் என்று இருக்க வேண்டாம்.