காட்சிக்கு நிற்கும் யானை

சென்ற ஆண்டு இரண்டாந் தவணை முடிவிலே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மலைநாட்டுக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். உபாத்தியாயர் நால்வர், பிள்ளைகள் நாற்பத்தெட்டுப் பேர், ஒரு வாடகை பஸ். வழியில் ஓரிடத்தில், அதன் பெயர் இங்கு வேண்டுவதில்லை, வீதியோரத்து மரநிழலில் ஒரு பெண்யானை நின்றது. முன்காலிற் சங்கிலி, முதுகில் இரும்புச் சட்டத்தால் அமைத்த ஆசனம், பக்கத்தில் ஏறுதற்கொரு மேடை, மேடையருகே கட்டணப் பலகை. பஸ் நிற்குமுன்னரே பிள்ளைகள் ஆரவாரித்தனர். நாமும் மறுத்திலேம். கட்டணத்தை நாமே கொடுத்தோம். நால்வர் நால்வராக ஏறிச் சிறுதூரஞ் சென்று மீண்டனர். ஒரு பெண்பிள்ளை மாத்திரம் ஏறாது நின்று, யானையின் காலையே நெடுநேரம் நோக்கியிருந்து, பின் நம்மிடம் வந்து, "ஐயா, அது ஓடாமலிருக்கிறதுக்கோ கட்டியிருக்கினம், நாங்கள் ஏறுறதுக்கோ?" என்று வினாவிற்று.

நேரமாயிற்று, பஸ்ஸில் ஏறு என்றோம். இஃது உபாத்தியாயர் பலருக்குங் கைவந்த விடை. அதற்கு முந்திய வாரத்திலேதான் அவ்வகுப்புக்குச் சீவகாருணியம் என்னும் பாடத்தை நாம் நடத்தியிருந்தோம் என்பதையும் மறையாது சொல்லிவிடுதல் நன்று.

அப்பிள்ளையின் வினா எளியதன்று. ஓடாமலிருக்கக் கட்டுதல் வேறு. காட்டுதற்குக் கட்டுதல் வேறு. காயமுற்ற விலங்கையும், தாயிழந்த கன்றையும், ஊருக்குள் நின்று தன்னையும் பிறரையும் அபாயத்துக்குள்ளாக்கும் விலங்கையுஞ் சிலபோது தடுத்து வைத்தல் நேரும். அப்பொழுது கட்டின் பயன் அவ்விலங்கையோ அதனருகில் வாழ்வோரையோ சாரும். காட்சிக்குக் கட்டுமிடத்தோ, பயன் முழுவதும் நம்முடைய கண்ணைச் சாரும். புறத்தே நோக்குவார்க்கு இரண்டுஞ் சங்கிலியே. ஆதலால் எது எதுவென அறிதற்கு ஒரு சோதனை வேண்டும். அச்சோதனை இது: பார்ப்போர் ஒருவரும் வாராதொழிந்தால் இவ்விலங்குக்கு இது செய்யப்படுமா? செய்யப்படுமாயின் அஃது அதன்பொருட்டு. செய்யப்படாதாயின் அது நம்பொருட்டு.

இச்சோதனையை நம் நாட்டில் யாவரும் அறிந்த இரண்டு இடங்களில் வைத்துப் பார்ப்போம். றம்புக்கணைக்கு அண்மையிலுள்ள பின்னவலை யானைகள் சரணாலயம் 1975 ஆம் ஆண்டில் வனசீவராசிகள் திணைக்களத்தாலே தாயிழந்த ஐந்து கன்றுகளோடு தொடங்கப்பெற்றது. தொடங்கியோர் நோக்கம் கருணையேயாம், இதில் ஐயமில்லை. 1978 இல் அது விலங்கினச்சாலைத் திணைக்களத்தின் வசமாயிற்று. 1982 இல் அங்கேயே யானைகளை இனம்பெருக்கும் முயற்சி தொடங்கி, 1984 இல் முதற்கன்று பிறந்தது. 2021 இல் இரட்டைக் கன்றுகள் பிறந்தமையைப் பத்திரிகைகள் எல்லாங் கொண்டாடின. போரிலே கண்ணிவெடியால் முன்காலை இழந்த சாமா என்னும் யானையும் அங்கே பேணப்பட்டது. அதனை ஒரு குறையாகச் சொல்லுவார் யாருமில்லர். ஆயினும், அநாதைகளுக்கென்று எடுத்த இல்லத்தில் அநாதையல்லாத கன்றுகள் பிறந்து, காடென்பதை ஒருநாளுங் காணாமல், வேளை தவறாது கடைவீதியினூடே மகா ஓயாவுக்கு நடந்து, கரையிற் கூடிய சனங்கள் படம் பிடிக்க நீராடி, மீண்டுங் கொட்டிலுக்கு நடக்கின்றன. இக்கன்றுகள் யார்பொருட்டுப் பிறந்தன என்று வினாவினால், மேற்கூறிய சோதனை நம்மை விடமாட்டாது.

இனி உடவளவைக்குச் செல்வோம். அங்கே 1995 இல் அமைக்கப்பட்ட யானைக்குட்டிகள் தங்குமிடத்திலும் உள்ளவை தாயிழந்த கன்றுகளே. பெரும்பாலும் ஒரே வகைத் துன்பத்தால் வந்தவை: துப்பாக்கி, பொறி, பாழ்ங்கிணறு, புகைவண்டி. அவற்றுக்கும் வேளை தவறாது பால் ஊட்டப்படுகின்றது. காண்போரும் வருகின்றனர், கட்டணமுங் கொடுக்கின்றனர். ஆனால் காண்போர் தூரத்தே ஒரு மேடையில் நின்று காணல் வேண்டும். தொடுதலில்லை; ஏறுதலில்லை; மனிதரோடு பழகுதல் இயன்றவரை குறைக்கப்படுகின்றது. ஏனெனின், ஏறக்குறைய ஐந்து வயதானபின் அக்கன்றுகள் காட்டுக்குத் திரும்புதல் வேண்டுமாதலின். 1998 தொடக்கம் நூற்றுக்கு மேற்பட்டவை அவ்வாறு விடுவிக்கப்பட்டன. காண்போர் ஒருவரும் வாராத நாளிலும் அங்கே பால் ஊட்டப்படும். இங்கே காட்சி என்பது வளர்ப்பின் ஓரத்தில் நிற்கின்றது. மற்றையிடங்களிலோ வளர்ப்புக் காட்சியின் ஓரத்தில் நிற்கின்றது.

சவாரியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. யானை பெரிய உடம்புடையதாதலின் எத்தனை பேரையுந் தாங்குமென்று எண்ணுகின்றோம். அதன் முதுகெலும்பின் கணுக்களிலிருந்து முட்கள்போன்ற எலும்புகள் மேனோக்கி எழுந்து நிற்கின்றன. அவற்றின்மேல் ஆசனத்தைக் கட்டி மனிதரை ஏற்றி நாடோறும் நடத்தினால் என்னாகும் என்பதை விலங்கு வைத்தியர் சொல்லத்தான் வேண்டுமோ? 2019 ஆம் ஆண்டு ஐப்பசியளவிலே சீகிரியாப் பகுதியிற் பயணிகளைச் சுமந்துகொண்டிருந்த கனகோட்டா என்னும் பதினெட்டு வயது யானை விழுந்து இறந்தது. பதினெட்டு என்பது யானைக்கு இளமைப் பருவம். 2021 இல் அரசாங்கம் பழக்கிய யானைகளைக் குறித்து விதிகளை வெளியிட்டது. ஒவ்வொன்றுக்கும் அடையாளப் பத்திரம். நாடோறும் இரண்டரை மணிநேர நீராட்டு. கன்றுகளை வேலைக்கும் ஊர்வலத்துக்கும் பயன்படுத்தாமை. பாகன் வேலைநேரத்திற் குடியாமை. இவையெல்லாம் நல்லனவே. அவ்விதிகளிலேயே, ஒரு முதுகில் நால்வருக்கு மேல் ஏறலாகாது, மெத்தையிட்ட ஆசனம் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. நாம் கட்டணங் கொடுத்து ஏற்றியவர்களும் நால்வர் நால்வரே. ஆகவே சட்டத்தை நாம் மீறவில்லை. சட்டத்தை மீறாமை ஒருவனுக்கு எவ்வளவு சிறிய புகழ் என்பதை அன்று அறிந்தோம்.

இனி நம் பாடநூற் கருத்தொன்றை எடுத்துக்கொள்வோம். திருவள்ளுவர் புலான்மறுத்தல் அதிகாரத்திலே, கொன்றவன் நானல்லேன், விலைக்கு வாங்கினேன் என்பானுடைய வாயை அடைக்கும் நியாயமொன்றை வைத்திருக்கின்றார். உண்பார்க்காக வாங்குதல் உலகத்தில் இல்லையாயின் விற்றலும் இல்லையாம் என்பது அதன் கருத்து. நம் பாடசாலைகளில் இதனை ஆண்டுதோறும் படிப்பித்து, பிள்ளைகளை ஊன் விலக்கச் சொல்லுகின்றோம். இந்நியாயம் வாயோடு நின்றுவிடுமா? வாயால் வாங்குதல் போலக் கண்ணால் வாங்குதலும் உண்டன்றோ? காண்பான் கட்டணங் கொடாதொழியின் காட்டுவான் கட்டமாட்டான். நம் உணவுக் கூடத்திற் புலால் இல்லை என்று பெருமை பேசிக்கொண்டே சவாரிச் சீட்டு வாங்கினோமாயின், வள்ளுவர் பாதி வாசலிலே நிறுத்தப்பட்டார் என்பதே பொருள்.

இது வெறுந் தருக்கமன்று. உலகில் நடந்து காட்டியது. காம்போச தேசத்து அங்கோரிலே பக்கெங் என்னுங் குன்று உண்டு. யசோவர்மன் அதன் உச்சியிற் சிவாலயம் எடுத்தான். பல ஆண்டுகளாக அந்திப் பொழுதைக் காணவரும் பயணிகளை யானைகள் அக்குன்றின்மேற் சுமந்து சென்றன. 2016 சித்திரையில், கடும் வெயிலிற் பயணிகளைச் சுமந்துவந்த யானையொன்று அங்கோரில் வீதியோரத்தே சரிந்து இறந்தது. அப்படத்தைக் கண்ட பயணிகள் பல தேசங்களிலிருந்தும் முறையிட்டனர். 2019 இல் சவாரியை நிறுத்துவதாக யானைக்காரரே அறிவித்து, யானைகளைக் காட்டுக்குக் கொண்டுபோயினர். வாங்குவோர் மறுத்தனர், விற்போர் நிறுத்தினர்.

யானைக்கு இவையெல்லாந் தெரியுமோ, அது விலங்குதானே என்பாருமுளர். நாம் கற்றது மிஷன் பாடசாலையில். விலங்கெல்லாவற்றையும் ஆளும்படி மனிதனுக்கு அதிகாரங் கொடுக்கப்பட்டதென்னும் வசனத்தை மனனஞ்செய்து பரிசும் பெற்றோம். நம்மோடு கற்ற கிறித்தவ நண்பரொருவர், ஆளுகையென்பது இடையன் மந்தையைக் காப்பதே, கசாப்புக்காரன் மந்தையைக் கொள்வதன்று என்று இன்றுஞ் சொல்லுவார். அவரோடு நமக்கு வழக்கில்லை. நம் இலக்கண நூலோ இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. தொல்காப்பிய மரபியலில் உயிர்களை அறிவுவகையால் ஆறாகப் பகுத்த இடத்து, விலங்குகளுள்ளும் ஒருசாரன மனவறிவுடையன என்பதற்கு உரையாளர் காட்டிய உதாரணங்களுள் யானையும் ஒன்று. 2006 இல் நியூயோர்க் பிராங்ஸ் மிருகக்காட்சிச்சாலையிலே ஹாப்பி என்னும் ஆசிய யானை, கண்ணாடியிற் கண்ட உருவந் தன்னுடையதே என அறிந்து, தன் நெற்றியில் இடப்பட்ட குறியைத் துதிக்கையால் தடவிப் பார்த்தமையை ஆராய்ச்சியாளர் பதிவுசெய்தனர். தன்னைத் தானென்று அறிந்த அவ்வியானையை அங்கிருந்து விடுவிக்கும்படி தொடுத்த வழக்கு 2022 இல் அந்நாட்டு மாநில மேல்மன்றத்தில் தோற்றது. தானென்னும் உணர்வுடைய உயிர் காட்சிப்பொருளாக நிற்கும்போது, அது நம்மை எவ்வாறு காண்கின்றதோ என்பதை நினைத்தால் ஏறிய பிள்ளைகளைவிட ஏற்றிய நாமே நாணவேண்டியிருக்கின்றது.

நண்பர் சிலர், யானையைக் கிட்ட நின்று கண்டாலன்றோ பிள்ளைக்கு அதன்மேல் அன்பு பிறக்கும் என்பர். இது நம்மையும் நெடுங்காலம் மயக்கிய வாதம். கிட்ட நின்று பிள்ளை காண்பது யாது? அங்குசத்துக்கு அஞ்சி நடக்கும் ஒரு விலங்கை. அதிலிருந்து அது கற்பது, பெரிய உயிர் சிறிய உயிருக்குப் பணங்கொடுத்தால் பணியும் என்பதே. அன்பு நெருக்கத்தால் மாத்திரம் வருவதன்று. தூரத்தை மதிப்பதாலும் வரும். பாகனுடைய வயிற்றுப்பாடு என்னாவது என்பது இதைவிடக் கனமான வினா. அவன் பெரும்பாலும் வறியவன். யானையின் உடைமையாளன் வேறொருவன். அவனைப் பழித்தல் நியாயமன்று. காட்டிற் பிழைக்கத் தெரியாத யானைக்கு இறுதிவரை ஒரு காப்பாளன் வேண்டும். சவாரியில்லாத புகலிடங்களிலும் அவன் கைத்திறன் வேண்டப்படும். அதற்குக் கட்டணங் கேட்டால் மனமுவந்து கொடுப்போம்.

பிறர் முற்றத்தைச் சுட்டுமுன் நம் முற்றத்தையும் பார்த்தல் வேண்டும். புதுச்சேரி மணக்குள விநாயகர் ஆலயத்து இலட்சுமி என்னும் யானை, அங்கு வரும் அடியார்களும் உல்லாசப் பிரயாணிகளும் நாணயங் கொடுக்க, அவர்கள் தலையிலே துதிக்கை வைத்துப் பல ஆண்டுகள் நின்றது. 2022 கார்த்திகை முடிவிற் காலையில் நடந்து செல்லும்போது வீதியிலே விழுந்து இறந்தது. ஊரே அழுதது, அவ்வழுகை பொய்யென்று சொல்லோம். யானைமுகனை முன்வைத்துத் தொடங்காத காரியம் நமக்கில்லை. அம்முகமுடைய உயிரைக் கல்நிலத்திற் சங்கிலியோடு நிறுத்தி நாணயத்துக்கு ஆசி வாங்குதல் வழிபாடோ வேடிக்கையோ என்பதை ஆலய பரிபாலகர்கள் ஆராய்வார்களாக. நாம் உபாத்தியாயர், நம் கையிலிருப்பது சுற்றுலாப் பட்டியல் ஒன்றே.

அப்பட்டியலை இவ்வாண்டு மாற்றினோம். உடவளவை தூரம், ஓரிரவு கூடத் தங்கவேண்டும், பஸ் கூலியும் ஏறும். பெற்றார் கூட்டத்திலே, யானையைத் தொடவும் முடியாத இடத்துக்கு இவ்வளவு பணமோ என்று ஒருவர் கேட்டார். தொடமுடியாதென்பதற்காகவே என்றோம். அவர் முழுவதும் உடன்பட்டாரென்று சொல்லுதற்கில்லை.

முன்னே வினாவிய பிள்ளை இப்பொழுது ஒன்பதாம் வகுப்பில் இருக்கின்றது. இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய அன்று அதனை அழைத்து, "அது நாங்கள் ஏறுறதுக்குத்தான் கட்டியிருந்தது, பிள்ளை; நான்தான் காசு குடுத்தனான்" என்றோம். அப்பிள்ளை சற்றுநேரம் பேசாது நின்று, "அந்த யானை இப்பவும் அங்கைதான் நிக்குமோ, ஐயா?" என்றது.

நிற்கும் என்றோம்.