எண்ணெய்க்கு அடியில் இருப்பது

உலு சிலாங்கூர் மாவட்டத்துப் புக்கிட் செந்தோசாவில் வசிக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய மாமா நெடுங்காலம் கார்ப் பட்டறை நடத்தி, தள்ளாமையால் கதவடைத்துவிட்டார். மூலையில் பழைய மோரிஸ் மைனர் கார்களின் கியர் பாக்ஸுகள் கிடக்கின்றன. “நல்ல விலைக்கு விற்றுக் கொடு, மருமகனே” என்கிறார். 1948-இல் இங்கிலாந்தில் பிறந்து, 16 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட வண்டி அது. அதைப் பேணி ஓட்டுவோர் இன்றும் இருப்பதால் கிராக்கியும் உண்டு.

ஆனால் கியர் பாக்ஸ் மூடிய பெட்டி. பல் உடைந்ததும், பித்தளை வளையம் தேய்ந்ததும் வெளியே தெரியா. மைனரின் முதல் கியருக்கு அவ்வளையம் கிடையாது. ஆகவே ஓடும் வண்டியில் முதல் கியர் கரகரத்தால் அது இயல்பு. இரண்டாவது கரகரத்தால் அது குறை. எண்ணெயில் மரத்தூளைக் கலந்து இரைச்சலை அடக்கும் பழைய தந்திரமும் உண்டு. அது மோசடி என்பதில் ஐயமில்லை.

“நான் மரத்தூள் போடவில்லையே, திறந்தே பார்க்கவில்லையே, இருக்கிறபடி விற்கிறேன்” என்பவர் நிலை என்ன? இதுவே நம் கேள்வி.

நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டபோது அடியில் ஈரம் தட்டிற்று. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது. ஈரத்தை உண்டாக்கியது மழைதான். அதை அடியில் விட்டதே வியாபாரியின் குற்றம்.

மலேசியாவின் 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டமும், பொருளைப் பரிசோதித்து வாங்கியவர், அப்பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கே பின்னர் முறையிட முடியாதென்கிறது. மூடிய பெட்டிக்குள் கண் செல்லுமா?

அறியாமை வேறு, அறியாதிருக்க விரும்புதல் வேறு. திறந்தால் விலை குறையுமென்று அஞ்சித் திறவாதவர், உள்ளூர ஐயப்பட்டவரே அன்றோ? மாமாவின் பொருள் அமானிதம்தான். ஆயினும் குறையை மறைக்கும் உரிமை மாமாவுக்கே இல்லை. இல்லாததை மருமகனிடம் அவர் எப்படி ஒப்படைப்பார்?

வழி எளிது. இயன்றால் திறந்து, கண்டதைச் சொல்லுங்கள். இயலாவிடில், “திறக்கவில்லை, உள்நிலை தெரியாது” என்று சொல்லி, அதற்கேற்ற விலை கேளுங்கள். நூறு வெள்ளி குறையலாம். அது நஷ்டமன்று, நமக்கு உரியதல்லாத பணம் நம் கைக்கு வராமல் போனது, அவ்வளவே.