மறுகால்

'மேலக்குளம் மறுகால் பாயுதாம்ல!'

ஐப்பசி, கார்த்திகையில் சாத்தான்குளம் வட்டாரத்தில் இந்தச் செய்தி பரவினால் கீழே இருக்கிற குளத்துக்காரர்களின் முகம் மலரும். ஒரு குளம் நிறைந்து வழிந்தால்தான் அடுத்த குளத்துக்குத் தண்ணீர்.

இப்போது ஒரு கேள்வி. மேலக்குளத்துக்காரர் தன் பயிருக்காக மறுகாலில் நாலு மணல் மூட்டையைப் போட்டு உயர்த்திவிடுகிறார். கீழ்க்குளத்தில் கால்கூட வைக்கவில்லை. அவர் செய்தது தப்பா?

'அவர் குளம், அவர் மூட்டை' என்று சொல்வீர்களா? சொல்லுமுன் 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு கரை உடைந்தால் அந்த வெள்ளம் எங்கே போகும்? அடுத்த கரையைத்தான் மோதும்.

கட்டடமும் இப்படி ஒரு குளச்சங்கிலிதான். இதைப் புரிந்துகொள்ளத்தான் இப்போது 'பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங்' படிக்கிறார்கள். சுருக்கமாக, 'பிம்'. முன்பெல்லாம் ஆர்க்கிடெக்ட்டுக்கு ஒரு வரைபடம், கம்பி கட்டுகிறவருக்கு ஒன்று, எலெக்ட்ரீஷியனுக்கு இன்னொன்று. ஒருவர் சுவரை நகர்த்தினால் மற்றவர்களுக்குத் தெரியாது. பிம்மில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே மாதிரிக் கட்டடம், கம்ப்யூட்டருக்குள். சுவரை நகர்த்தினால் பிளானும் மாறும், செங்கல் கணக்கும் மாறும். உத்தரத்துக்குள் தண்ணீர்க் குழாய் நுழைந்தால், சோதித்துப் பார்க்கும்போது மாட்டிக்கொள்ளும்.

அமெரிக்காவில் கான்ஸாஸ் சிட்டி. 1981 ஜூலை 17. ஹயாத் ரீஜென்ஸி ஹோட்டல் கூடத்தில் நடன விழா. மேலே, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இரண்டு தொங்கு நடைபாதைகள். கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பிகளில் இரண்டும் தொங்க வேண்டும் என்பது முதல் திட்டம். அதுவே பலவீனம் என்று பின்னால் தெரிந்தது. அந்தத் திட்டத்தையும், செய்வது சுலபம் என்று மாற்றினார்கள். ஒவ்வொரு நீளக் கம்பியும் இரண்டானது; கீழ்ப் பாதையை மேல் பாதையிலேயே தொங்கவிட்டார்கள்.

என்ன பெரிய வித்தியாசம்? ஆலம்விழுதில் இரண்டு பையன்கள் தொங்குகிறார்கள். அவரவர் கை அவரவர் பாரத்தைத் தாங்குகிறது. கீழே இருப்பவன் விழுதை விட்டுவிட்டு மேலே இருப்பவனின் காலைப் பிடித்தால்? விழுதுக்குப் பாரம் அதேதான். மேலே இருப்பவன் கைக்கு இரட்டிப்பு!

அந்த இணைப்பு பிய்ந்தது. 114 பேர் இறந்தார்கள். மாற்றத்துக்குப் பிறகு அந்த ஒரு இடத்தை யாரும் மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பொறுப்பான இரண்டு எஞ்சினீயர்களின் லைசென்ஸ் பறிபோனது.

பிம் இருந்திருந்தால் தப்பித்திருக்கலாமா? உறுதியில்லை. குழாயும் உத்தரமும் முட்டினால் கம்ப்யூட்டர் சொல்லும். இங்கே எதுவும் எதோடும் முட்டவில்லையே! கம்பிகள் அழகாகப் பொருந்தித்தான் இருந்தன. 'இதை மாற்றினால் பாரம் யார் தலையில் ஏறும்?' என்று ஒரு மனிதர் கேட்டிருக்க வேண்டும்.

பிம் படிக்கிற தம்பி, தங்கைகளே, பட்டன்களைக் கற்பது பாதிப் படிப்புதான். மீதிப் பாதி, இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுவது.

நமக்கும் அதுதான் பாடம். 'என் வேலையை நான் ஒழுங்காகச் செய்தேன்' என்பது நல்ல பதில்தான். ஆனால், முழுப் பதில் இல்லை. என் வேலை முடிந்து அடுத்தவர் வேலை தொடங்கும் இடம் ஒன்று இருக்கிறது. அது யார் பொறுப்பு? இரண்டு பேருடையது. இரண்டு பேருடையது என்பதாலேயே அது யாருடையதும் இல்லாமல் போய்விடுகிறது.

ஆகவே, மூட்டையைத் தூக்குமுன் கீழ்க்குளத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.