குளம்பும் கொல்லாமையும்

கொல்லாமை அணுவிரதத்தை ஏற்ற இல்லறத்தார் தவிர்க்க வேண்டிய குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் ஐந்தாக வகுக்கிறது. கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுந்த சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. சிராவகர் யாவரும் அறிந்த இவ்வைந்தையும் நெஞ்சில் நிறுத்தி, முதிய குதிரையொன்றின் காலடியைச் சற்றே நோக்குவோம்.

குதிரையின் குளம்பு நம் நகத்தைப் போன்றதே. திங்கள்தோறும் ஏறத்தாழ 6 முதல் 10 மில்லி மீட்டர் வரை வளரும். அதன் வெளிச்சுவரில் குருதியும் இல்லை. உணர்வு நரம்பும் இல்லை. 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை அதனைச் சீவி அரத்தால் தேய்க்காவிடில், முனை நீண்டு தசைநாண்களையும் மூட்டுகளையும் வருத்தும். முதுமையில் சில குதிரைகளுக்குச் சுரப்பிக் கோளாறு தோன்றி, அதன் வழியே குளம்பு அழற்சி என்னும் கொடிய நோய் வருவதுண்டு. குளம்பின் சுவரையும் உள்ளிருக்கும் எலும்பையும் பிணைக்கும் மெல்லிய அடுக்குகள் அதனால் நலிகின்றன. பிணைப்புத் தளர்ந்தால் எலும்பே கீழ்நோக்கித் திரும்பிவிடும். அந்நிலையில் குதிரை முன்னங்கால்களை நீட்டி, உடற்பாரத்தைப் பின்னே சாய்த்து நிற்கும். வாயற்ற உயிரின் முறையீடு அதுவே.

மருத்துவர் கூறும் வழி யாது? மேயவிடாது மென்மையான படுக்கையில் அடைத்து வைத்தல், தானியம், வெல்லம், பசும்புல் இவற்றை விலக்கி, நீரில் ஊறவைத்த உலர்புல்லை அளந்து தருதல், குளம்பைச் சீவுதல். மேலெழுந்தவாறு காண்பார்க்கு, ஐந்து குற்றங்களுள் மூன்று இங்கே நிகழ்வதாகவே தோன்றும். மறுபுறம், அன்பு மேலிட்டு ஒரு கூடைத் தானியம் கொணர்ந்து ஊட்டுபவர் புண்ணியம் செய்பவராகத் தோன்றுவார். ஆயின், அவர் இட்ட உணவாலேயே அக்குதிரை சில நாட்களில் நிற்கவும் இயலாது தவிக்கக்கூடும்.

இதனால் பெறப்படுவது யாது? குற்றம் கயிற்றிலோ கத்தியிலோ இல்லை. கடுமனமும் சோர்வும் தூண்ட உயிர்க்கு ஊறு செய்தலே இம்சை என்பது நம் சான்றோர் கொண்ட இலக்கணம். அங்ஙனமாயின், குளம்பைச் சீவுதல் இம்சையன்று. சோர்வினால் சீவாது விடுதலே இம்சை. அறிவோடு கூடாத இரக்கமும் ஊறு விளைக்கும் என்பதையும் இங்கே உணர வேண்டும்.

இனி, கடினமான வினா ஒன்று உளது. நோய் முற்றிய குதிரையைக் கொன்றுவிடுதலே கருணை என்பார் பலர். உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகும் நிலையில், 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டமும் அதற்கு இடமளிக்கிறது. நாம் அதற்கு உடன்படோம். ஆனால், நம் விரதத்தின் பொருட்டு வலியைத் தாங்குவது நாமல்லோம், அக்குதிரையே என்பதை எண்ணிப் பார்த்தோமா? கொல்லேன் என்று கூறிவிட்டு அதனைக் கொட்டிலின் மூலையில் மறந்துவிடுபவர் விரதம் காத்தவராகார். கொல்லாமையைத் தேர்ந்தவர், வலி தணிக்கும் மருந்தையும், ஆழ்ந்த படுக்கையையும், ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவும் கடமையையும், அதன் இறுதிநாள் வரை உடன் ஏற்றவராவார்.

விலங்குக் காப்பகங்களுக்குப் பொருளுதவி செய்யும் அன்பர்கள், தீவனச் செலவோடு மருத்துவர்க்கும் லாடம் கட்டுபவர்க்கும் உரிய கூலியையும் சேர்த்து அளிப்பாராக. ஜீவதயை குனிந்து குளம்பைத் தூக்கிப் பார்க்கவும் வேண்டும்.