ஞானஸ்நான விசாரம்

திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனார் திருப்பதி. 2019ஆம் ஆண்டு முதல் அது கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சார்ந்துளது. முத்தநாதன் மேனி முழுதும் நீறு பூசி, சடை முடித்து, ஏட்டுக்கட்டினுள் வாளை மறைத்து வந்தபோது, சேதி நாட்டு மன்னர் அவன் நெஞ்சின் கருமையை நோக்காது மேனியின் வெண்மையையே நோக்கி வணங்கினார். குத்துண்டு வீழ்ந்த பின்னும், அவனை வெட்டப் புகுந்த தத்தனைத் தடுத்து, ஊறின்றி எல்லை கடத்துமாறு பணித்தார். இச்சரிதத்தை ஓதும் சைவர் எவரும் அந்நீறு பொய்யென்று கூறார். நீறு மெய், பூசினவன் பொய்யன். வணங்கினவர்க்கு அது வீடு தந்தது; பூசினவனுக்கு யாதும் தந்திலது.

கிறிஸ்து சமயத்தாரின் ஞானஸ்நானத்தை ஆராயப் புகுவார்க்கு முதற்கண் வேண்டுவது இவ்வேறுபாடேயாம். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்னும் பெயரால் நீரில் முழுக்கியேனும் தலைமேல் நீர் வார்த்தேனும் செய்யப்படுவது அச்சடங்கு. கத்தோலிக்கர் இக்காலத்தில் அதனைத் திருமுழுக்கு என வழங்குவர். வாருணம், ஆக்கினேயம், மானதம் முதலிய ஸ்நான பேதங்களை ஆகமங்களிற் பயின்றார்க்குப் பெயர் புதிதன்று. எனினும், வாழ்நாளில் ஒருமுறையே நிகழ்வதாகலின், அதனைத் தீக்கையோடு ஒப்பவைத்து நோக்குதலே பொருந்தும். முற்காலத் திருச்சபையினரின் திதாக்கே என்னும் சிறு நூல், ஓடுநீர் சிறந்தது, அஃதில்வழிப் பிறநீர் கொள்க, அதுவும் இல்வழித் தலைமேல் மும்முறை வார்க்க என நெகிழ்ந்து கூறும். பெறுவோன் முன்னரே நோன்பிருத்தல் வேண்டும் என்பதிலோ அந்நூல் நெகிழவில்லை. நீரின் அளவு பற்றி இன்று தம்முட் பிணங்கும் சபையார் இதனை ஒருகால் எண்ணிப் பார்க்கலாம்.

அப்போஸ்தலர் நடபடிகளின் எட்டாம் அதிகாரத்தில் இருவர் நீர் பெறுகின்றனர். ஒருவன் சமாரியா நாட்டு மாயவித்தைக்காரனாகிய சீமோன். ஞானஸ்நானம் பெற்றபின், அப்போஸ்தலர் கைவைத்தலால் ஆவி இறங்கக் கண்டு, அவ்வல்லமையைத் தனக்கும் தருமாறு அவர் முன் பணத்தை நீட்டினான். அவன் உள்ளம் செவ்விதன்றெனப் பேதுரு கடிந்தார். மற்றவன் எத்தியோப்பிய அரசியின் அமைச்சன்; தேரிலிருந்து தீர்க்கதரிசி நூலை ஓதிப் பொருள் விளங்காது வினவி, விளங்கியபின் வழியிடை நீர் கண்டு, தானே ஞானஸ்நானத்தை வேண்டினான். முன்னவனுக்கு நீர் வந்தது, நெஞ்சு வரவில்லை. பின்னவனுக்கு நெஞ்சு முந்தியது, நீர் பிந்தியது. சீமோனைக் கிறிஸ்தவர்தம் முத்தநாதன் எனினும் இழுக்கின்று.

இங்ஙனம் பொய்யாகப் பெற்றது ஞானஸ்நானமே அன்றென்று தள்ளலாமோ? ஹிப்போ நகரத்து மேற்றிராணியார் அகுஸ்தீனார் தொனாத்தியரோடு வாதிட்டபோது இதற்கு விடை கண்டார். நீர் வார்க்கும் குருவானவர் தீயரேனும் ஞானஸ்நானம் பழுதுறாது, உண்மையில் அதனைச் செய்பவர் கிறிஸ்துவேயாகலின் என்றார். அதனைப் பெற்றிருத்தல் வேறு, அதனாற் பயனுறுதல் வேறு என்றும் பிரித்துக் காட்டினார். வஞ்சமாகப் பெற்றவன் பின்னர் மனந்திரும்புவனேல் மீண்டும் நீர் வார்க்க வேண்டுவதின்று. முன் பெற்றதே அன்று பயன்படத் தொடங்கும். ஆசாரியன் வடிவில் நின்று தீக்கை செய்பவன் சிவனே எனக் கொள்ளும் சைவர்க்கு இவ்விடை அயலதன்று. ஆயின், ஆதாமின் பாவம் வழிவழி வருதலின் பச்சிளங் குழவிக்கும் நீர் வேண்டும் என்று அவர் கூறியது வேறு. ஆணவமலம் அநாதியே உயிரைப் பற்றியது, ஒருவர் பிழையால் மற்றொருவர்க்கு வந்ததன்று என்பது சித்தாந்தம். கிறிஸ்தவருள்ளும் 1525இல் சூரிக் நகரத்துச் சிலர், நம்ப அறியாத குழவிக்கு நீர் பயனின்று என வழக்கெழுப்பினர். தமிழ்நாட்டுப் பெந்தெகொஸ்தே சபையார் இன்றும் அவ்வழக்கையே பேசுகின்றனர்.

தமிழகத்தின் வரலாறு இவ்வினாவை இன்னுங் கூர்மையாக்குகின்றது. முத்துக்குளித்துறைப் பரதவர் 1536, 1537ஆம் ஆண்டுகளில் பெருந்திரளாக நீர் பெற்றது, பகைவரினின்றும் போர்த்துக்கேயர் தம்மைக் காத்தற்பொருட்டு. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார், அவர் தம்மைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்வதன்றி வேறொன்றும் அறியாதிருக்கக் கண்டு, தமிழில் மந்திரங்களை மனனஞ் செய்வித்தார். அவரே, திருவிதாங்கூர்க் கரையில் ஒரு திங்களுக்குள் பதினாயிரவர்க்கு மேற்பட்டோர்க்கு நீர் வார்த்ததாக எழுதினார். பதினாயிரவர் நெஞ்சை ஒரு திங்களில் எவர் அறிய வல்லார்? 1606இல் மதுரை புகுந்த தத்துவ போதகரோ நெடிது வாதித்துக் கற்பித்த பின்னரே நீர் வார்த்தார். எச்சிலை அருவருக்கும் நாடாகலின், ஞானஸ்நானத்தில் உமிழ்நீர் தொட்டுத் தடவும் சடங்கை மதுரை மிஷனார் விட்டுவிட்டனர். அது தவறென்று போப்பரசரின் தூதர் துர்னோன் 1704இல் புதுச்சேரியிலிருந்து ஆணையிட்டார். பதினான்காம் பெனெடிக்ட் 1744இல் விடுத்த கட்டளை வரை வழக்கு நீண்டது. உமிழ்நீருக்கு நாற்பது ஆண்டு!

இதனினும் பெரிய வழக்கொன்று தென்னார்க்காட்டில் எழுந்தது. நீர் பெற்றவர் ஜாதியை விட வேண்டுமோ என்பது அது. ஜாதி வேற்றுமையைச் சபைக்குள் பொறுத்த லைப்சிக் மிஷனோடு மாறுபட்டு நீங்கிய கார்ல் ஓக்ஸ், 1860களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் தனி நிலையங் கண்டார். டென்மார்க்கு மிஷன் அவரை ஏற்றுக்கொண்டது. திருக்கோவலூரில் மருத்துவமனை நிறுவியது அந்த மிஷனே. ஒரே நீரில் முழுகி எழுந்தவர் பந்தியில் வேறு வேறாக அமர்வரேல், அந்நீர் எதனைக் கழுவிற்று என்று அவர் வினவியது நேர்மையான வினா.

ஓக்ஸ் விடுக என்ற ஜாதியை, இன்று அரசாங்கத்தின் ஏடு விடுவதும் வைப்பதுமாக உள்ளது. 1950ஆம் ஆண்டின் ஜனாதிபதி ஆணைப்படி, பட்டியல் ஜாதியினர் இந்துக்களாகவே இருத்தல் வேண்டும், 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்பட்டிலர். பழங்குடியினர்க்கோ அத்தகைய மதக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே கல்வராயன் மலைமேல், கரியராமரை வழிபடும் மரபிற் பிறந்த மலையாளி ஒருவன் ஞானஸ்நானம் பெறினும், பழங்குடியினன் என்னும் உரிமை அவனை நீங்காது. அடிவாரத்தில், கள்ளக்குறிச்சிச் சமவெளியில், சேரியிற் பிறந்தவன் அதே நீரைப் பெறின், பட்டியல் ஜாதியினர்க்குரிய கல்விச் சலுகையும் தனித்தொகுதி உரிமையும் அவனை விட்டு நீங்கும். மலையில் விலையின்றிக் கிடைப்பது சமவெளியில் பெருவிலை பெறுகின்றது.

விலை உண்டாயின் மறைப்பும் உண்டாம். நீர் பெற்றும் சான்றிதழில் இந்து என்றே எழுதுவோர் உளர். கிறிஸ்துவையே வழிபட்டும் நீர் பெறாது நிற்போரும் உளர்; சென்னையில் அத்தகையோரை ஆராய்ந்து ஹெர்பர்ட் ஹோஃபர் என்பார் 1991இல் நூலே வெளியிட்டார். சபைக்கு வெளியே நிற்றற்கு அவர்தம் காரணம் சலுகை மட்டுமன்று. குடும்பத்தையும் உறவையும் முறித்தல் ஆற்றாமையும் ஆம். 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம், குழவிப்பருவத்தே ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவராய் ஒழுகிய புதுவைப் பெண்மணி ஒருவர் பட்டியல் ஜாதிச் சான்று வேண்டிய வழக்கில், மெய்ந்நம்பிக்கையின்றிச் சலுகைப்பயனே கருதி மதமாற்றங் கூறுதல் அரசியலமைப்பை வஞ்சித்தலாகும் என்று தீர்ப்பளித்தது. நெஞ்சை அளத்தற்கு நீதிமன்றத்தின் கையிலுள்ள கோல் வேறு யாது? ஞானஸ்நானப் பதிவேடும் வெளியொழுக்கமுமே. அறியாப் பருவத்துத் தலைமேல் விழுந்த நீர் அகவை முதிர்ந்தபின் சாட்சி கூறுகின்றது.

சமயத்தை மறைத்து வாழ்தல் குற்றமே. ஆயினும், மகனின் படிப்பை எண்ணி நீர் பெறாது நிற்கும் ஏழையைக் கோழையென்று இகழ்தல், அவ்விலையைத் தாம் ஒருநாளும் கொடாதார்க்குத் தகாது. சிலுவையில் உடன் தொங்கிய கள்வன் நீர் பெறாமலே பரதீசு பெற்றான் என்பது கிறிஸ்தவர் வேதத்துள்ளதே. வேட்கையளவில் பெறும் ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கரும் உடன்படுவர். குற்றம் பெரிதும் சார்வது, விலையைச் சொல்லாமல் நீர் வார்ப்பவரையே. மலபரிபாகமும் சத்திநிபாதமும் நோக்கித் தீக்கை செய்க என்பது சைவ விதி. பக்குவம் நோக்காது வார்த்த நீர், எண்ணிக்கைக்கு ஆகுமேயன்றி உயிர்க்கு ஆகாது. திருவிழா நாளில் மாணாக்கரை வரிசையில் நிறுத்தி, பெயரும் வினவாது சமயதீக்கை செய்தனுப்பும் சைவருக்கும் இது பொருந்தும். சபையார் சமவெளியான் ஒருவனுக்கு நீர் வார்க்குமுன், அவன் இழப்பது இன்னது என்று அவனுக்கும் அவன் மனையாளுக்கும் எடுத்துரைத்து, ஓராண்டு கற்பித்து, பின்னும் அவன் வேண்டின் பலரறிய வார்த்து, பெயரை ஏட்டில் எழுதுதல் வேண்டும். எழுதாது இரவில் வார்த்து அனுப்புவார், அவன் முதற்படியிலேயே பொய்கூறப் பழக்குகின்றனர்.